மாமாவின் ஜெராக்ஸ் கடையில் மூன்று லேப்டாப்: டவுன்லோட் கிடையாது என்ற விதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"மாப்ள, கம்ப்யூட்டர்ல என்னமோ நோட்டீஸ் வருது, வாடகைக்கு இருக்கவனைக் காலி பண்ணச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார் மாமா போனில். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வராது என்கிற அந்த முழுத்திரை அறிவிப்புதான். மாமாவுக்கு எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பெயர்தான் ஜெராக்ஸ்; ஸ்கேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், மனு டைப் அடிப்பது என்று பாதிக் கடை அந்த ஒரே லேப்டாப்பை நம்பித்தான் ஓடுகிறது.

லேப்டாப் 2017-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பவர் பட்டனை அமுக்கிவிட்டு, வாசலைப் பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் டெஸ்க்டாப் வந்திருக்கும் என்பது மாமாவின் கணக்கு. விண்டோஸ் 11 இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், ஆகவே தகுதிச் சோதனையில் இது முதல் வரியிலேயே அவுட். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து ஏமாற்றி ஏற்றும் வழி எனக்கும் தெரியும், ஆனால் ஊரார் ஆதாரும் சாதிச் சான்றிதழும் வந்து போகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம். ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு வாங்கலாம். 2026 அக்டோபரில் இதே போன் மறுபடி வரும், அவ்வளவுதான்.

"அப்ப புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார். வாங்கலாம், ஆனால் எதை? பட்டியல் போட்டு ஒப்பிடுகிற வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிவிட்டது. கடையில் ஒரு நாளில் நடக்கிற வேலைகளை எடுத்து, மூன்று இயங்குதளங்களிலும் அதையே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். என்னுடைய விண்டோஸ் 11 லேப்டாப், அக்காவின் எம்1 மேக்புக் ஏர், அப்புறம் மாமாவின் பழைய லேப்டாப்பிலேயே பென் டிரைவிலிருந்து ஓடும், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22. மின்ட் 22 என்பது 2024 ஜூலையில் வந்தது, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. பென் டிரைவில் போட்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

விதி ஒன்றுதான். இயங்குதளத்தோடு கூடவே வந்த மென்பொருளை மட்டும் பயன்படுத்த வேண்டும், எதையும் டவுன்லோட் செய்யக் கூடாது, இணையத்தில் பிடிஎஃப் இணைத்துத் தருகிற தளங்களுக்கும் போகக் கூடாது. அடுத்தவர் ஆதாரை எந்த ஊர் சர்வருக்கோ அனுப்பி, இணைத்து, திரும்ப வாங்குவதை மாமா இத்தனை வருடமாகச் செய்து வந்திருக்கிறார். தெரியாமல்தான், ஆனால் அதைப் பார்த்துப் பதறியதில்தான் இந்த விதியே பிறந்தது.

முதலில் ஸ்கேன். கடையில் இருப்பது ஒரு பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனர், கம்பெனி பெயர் வேண்டாம். என் விண்டோஸ் 11-இல் செருகினால் "தெரியாத சாதனம்" என்றது. தயாரிப்பாளரின் டிரைவர் பட்டியல் இரண்டு தலைமுறைக்கு முந்தைய விண்டோஸோடு நின்றுவிட்டது. மேக் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மின்ட்டில் செருகிவிட்டு "டாக்குமென்ட் ஸ்கேனர்" என்பதைத் திறந்தேன், பெயரும் மாடல் எண்ணும் மேலே வந்து நின்றது. லினக்ஸில் ஸ்கேனர்களுக்கென்று சேன் என்றொரு பொதுக் கட்டமைப்பு பல வருடமாக இருக்கிறது, தயாரிப்பாளர் கைவிட்ட மாடல்களுக்கும் யாரோ டிரைவர் எழுதி அதில் சேர்த்துவிட்டிருப்பார்கள். மாமா முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஆர்வம் வந்தது.

அதைவிட அவரை அசத்தியது வேறொன்று. அந்த ஸ்கேனர் மென்பொருளில் "ஃப்ளாட்பெட்டிலிருந்து பல பக்கங்கள்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் எத்தனை நொடி இடைவெளி என்று சொல்லிவிடலாம். 10 நொடி வைத்தேன். ஒரு பக்கம் ஸ்கேன் ஆனதும் மூடியைத் தூக்கி, தாளைத் திருப்பி வைத்து, மூடினால் அது தானாக அடுத்ததை எடுக்கும், மவுஸைத் தொடவே வேண்டாம். 14 பக்கப் பத்திரம் ஒன்றை மாமா நின்றபடியே முடித்தார், முடிந்ததும் ஒரே பிடிஎஃப் ஆகச் சேமித்தது. நியாயத்துக்கு, விண்டோஸையும் மேக்கையும் வீட்டிலிருந்த ஒரு புது ஆல் இன் ஒன் பிரிண்டரின் ஸ்கேனரில் சோதித்தேன். மேக்கின் இமேஜ் கேப்சர் பல பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கிவிடுகிறது, குறையில்லை. விண்டோஸின் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் படமாகத்தான் சேமிக்கும். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்று மாற்றி, ஓரத்தில் வெட்டுப்படாமல் பார்த்து... வேலை நடக்கும், ஆனால் வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது நடக்காது.

இரண்டாவது, பிடிஎஃப் இணைப்பது. இதில் மேக்கை அடிக்க ஆளில்லை. மேக்கோடு வருகிற ப்ரிவ்யூவில் ஒரு கோப்பைத் திறந்து பக்கவாட்டில் சின்னப் பக்கங்களைக் காட்டச் சொல்லி, இன்னொரு கோப்பின் பக்கத்தை இழுத்து அதற்குள் போட்டால் சேர்ந்துவிடும், வரிசை மாற்ற வேண்டுமென்றால் மேலே கீழே இழுத்தால் போதும். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு கேமராவுக்குக் காட்டினால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு பிடிஎஃப்பில் ஒட்டுகிறது. கோப்பின் அளவைக் குறைக்கிற வடிகட்டி ஒன்றும் உள்ளே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், மதிப்பெண் பட்டியல் மழையில் நனைந்த மாதிரி வரும்.

விண்டோஸில் பிடிஎஃப் என்றால் எட்ஜ் பிரவுசர்தான். படிக்கலாம், கிறுக்கலாம், படிவம் நிரப்பலாம், இணைக்க மட்டும் முடியாது. மின்ட்டில் பிடிஎஃப் திறக்கிற எக்ஸ்ரீடரிலும் அதே நிலைதான், ஆனால் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையான டெர்மினலில் பிடிஎஃப்யுனைட் என்றொரு கட்டளை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது: கட்டளையின் பெயர், கோப்புகளின் பெயர்கள் வரிசையாக, கடைசியில் புதுக் கோப்பின் பெயர், என்டர். ஒரு நொடியில் முடிந்தது என்று மாமாவிடம் பெருமையாகக் காட்டி, அடுத்ததாக ஒருவருடைய இ-ஆதாரைக் கொடுத்தேன். பூட்டிய கோப்பை இணைக்க முடியாது என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டது. இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு உண்டே, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். எக்ஸ்ரீடரில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, "கோப்பாக அச்சிடு" என்று பூட்டில்லாத நகல் ஒன்று எடுத்து, பிறகு இணைத்தேன். கடையில் ஒரு நாளைக்குப் பத்து ஆதாராவது வரும். கறுப்புத் திரையைக் கண்ட மாமா "இது நமக்கு ஒத்து வராது மாப்ள" என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னதில் தப்பில்லை.

போட்டோ வேலை சீக்கிரம் முடிந்தது. தேர்வு விண்ணப்பங்களில் படம் 20-லிருந்து 50 கேபிக்குள் வேண்டும் என்பார்கள், ஒரு கேபி கூடினாலும் ஏற்காது. விண்டோஸின் போட்டோஸில் அளவு மாற்றும் இடத்தில் தரத்துக்கு ஒரு ஸ்லைடர், அதை நகர்த்த நகர்த்தப் புது அளவு எத்தனை கேபி என்று அங்கேயே தெரிகிறது. மேக்கின் ப்ரிவ்யூவிலும் ஏற்றுமதி செய்யும்போது அதே வசதி. மின்ட்டின் பட மென்பொருளான பிக்ஸில் தரத்தைக் குறைக்கலாம், ஆனால் சேமித்துப் பார்த்தால்தான் அளவு தெரிந்தது. 71, 58, 52, 47 என்று நான்கு முறை சேமித்தேன். இதில் விண்டோஸ்தான் முதலிடம், சந்தேகமில்லை.

வாடிக்கையாளர் போனைக் கேபிளில் செருகிப் படம் எடுப்பதில் மேக் தோற்றது. ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் விண்டோஸும் மின்ட்டும் ஃபோல்டராகத் திறந்துவிடுகின்றன; மேக்குக்குத் தனி மென்பொருள் வேண்டும், விதிப்படி கிடையாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவையும் மேக் படிக்கும், எழுதாது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன், தமிழ் டைப்.

மாமா டைப் அடிப்பது பாமினியில். அதாவது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பழைய எழுத்துரு. "அம்மா" என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும், கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பதும் அதே ஆங்கில எழுத்துகள்தான். கடையில் வேலை பார்க்கும் பெண் தமிழ் 99 விசைப்பலகையில் யூனிகோடில், அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே பதிகிற முறையில் அடிப்பாள், அவளுக்கு "அம்மா" என்றால் ஏ, கே, கே, க்யூ என்று நான்கே தட்டு. இரண்டாவது கே தட்டும்போதே முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது, அந்தத் தானியங்கிப் புள்ளிதான் அதன் உயிர்.

மேக்கில் அமைப்புகளுக்குப் போய்த் தமிழ் 99-ஐச் சேர்த்தோம், அவள் உட்கார்ந்து அடித்தாள், எழுந்தாள், சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கில ஒலிப்பில் தட்டுகிற அஞ்சல் விசைப்பலகையும் அங்கேயே இருக்கிறது. மேக்கில் வருகிற இணைமதி எழுத்துரு முத்து நெடுமாறன் செய்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன், பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11-இலும் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலிப்பு முறை இரண்டும் கிடைக்கின்றன, விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் அமுக்கினால் மாறிக்கொள்ளலாம். மின்ட்டில் விசைப்பலகைப் பட்டியலில் இந்தியா என்பதன் கீழ் தமிழ்நெட் 99 என்று பார்த்ததும் சந்தோஷமாகச் சேர்த்தேன். அவள் "பக்கம்" என்று அடித்தாள், "பககம்" என்று வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி "பககம்". "அண்ணா, இது அரைகுறை" என்றாள். உண்மைதான், அந்தப் பட்டியலில் இருப்பவை ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் அறிந்தவை, முன்னால் என்ன தட்டினோம் என்று நினைவு வைத்துப் புள்ளி போட அவற்றுக்குத் தெரியாது. அதற்கு ஐபஸ் எம்17என் என்ற பொதி வேண்டும், அது மின்ட்டோடு வருவதில்லை. விதியை மீறினேன். மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவி, உள்ளீட்டு முறையில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறித் திரும்ப வந்து, தமிழ் 99-ஐச் சேர்த்த பிறகுதான் "பக்கம்" பக்கமானது. மொத்தமே ஐந்து நிமிட வேலை, ஆனால் இது தெரியாத ஒருவர் "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அவள் பள்ளியில் வாங்கிய விலையில்லா லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே இருந்தனவாம், லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்டோஸிலேயே காலத்தை ஓட்டினாளாம். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கியது அந்த பாஸ் லினக்ஸ்.

மனுவை எதில் அடிப்பது என்பதில் ஒரு விசித்திரம். விண்டோஸோடு கூடவே வந்த எளிய எழுது மென்பொருளான வேர்ட்பேடை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ஆக, விதிப்படி பார்த்தால் விண்டோஸில் மிஞ்சுவது நோட்பேட்தான், அதில் டேப் எல்லாம் வந்துவிட்டது, இருந்தாலும் ஒரு மனுவைக் கட்டம் போட்டு அடிக்க அது ஆகாது. மேக்கில் பேஜஸ் இருக்கிறது, டெக்ஸ்ட்எடிட் வேர்ட் கோப்பைத் திறக்கிறது. மின்ட்டில் முழு லிப்ரேஆஃபிஸ், அதில் வேர்டுக்கு ஈடானது ரைட்டர். மாமாவின் பத்து வருட மனுக்கள் ரைட்டரில் திறந்தன, சிலவற்றில் கட்டங்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன, ஆனால் பாமினி எழுத்துருவை நிறுவியதும் எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்தது. சிவப்பு நெளிகோடுதான் எல்லா வார்த்தைக்கும் கீழே, அதை அணைத்தேன்.

கையாள்வது எப்படி என்று பார்க்க மாமாவை மேக்கில் பத்து நிமிடம் விட்டேன். ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினார். மேக்கில் என்டர் என்றால் பெயர் மாற்றம். "திறக்கச் சொன்னா பேரை மாத்தச் சொல்லுதே" என்றார். கோப்பை வெட்டி ஒட்ட கண்ட்ரோல் எக்ஸ் தேடினார், கமாண்ட் எக்ஸும் கோப்புக்கு வேலை செய்யாது, நகலெடுத்துவிட்டு ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்றேன், என்னை ஒரு பார்வை பார்த்தார். விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருந்தது, வலது கிளிக்கில் பாதி விஷயங்கள் இன்னொரு மெனுவுக்குள் போயிருந்தன, அதற்கும் முணுமுணுத்தார். மின்ட்டில் மட்டும் எதுவும் கேட்கவில்லை. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம், விண்டோஸ் 7-க்குத் திரும்பி வந்தவர் போல உட்கார்ந்து வேலை பார்த்தார்.

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. புது லேப்டாப் வாங்கினால் ஸ்கேனரையும் தூக்கிப்போட வேண்டும். மின்ட் என்றால் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போதும். வாங்கி மாட்டினேன், பின்பக்கம் பதினோரு திருகு, இரண்டு திருகு ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. நிறுவல் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது ஊதுபத்தி பற்ற வைப்பதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது.

அடுத்துத்தான் என் சொந்தப் புத்திசாலித்தனம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு மாமாவின் கோப்புகளை நகலெடுக்கலாம் என்று செருகினால், மின்ட் அதைத் திறக்கவே மறுத்தது. பத்து வருட மனு போச்சா என்று மாமா கேட்காமல் கேட்டார். விஷயம் இதுதான்: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் ஆகாது, பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே படுத்துவிடும். அதைக் கழற்றும் முன்னால் நான் யோசித்திருக்க வேண்டும். மறுபடி பதினோரு திருகு, பழைய டிஸ்க் உள்ளே, விண்டோஸ் திறந்தது, நேரம் காலை 10 மணி, திரையில் 4:30. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மின்ட் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்திருக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, இடையில் நம் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகிறது. அதை விட்டுவிட்டு, ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தேன், அப்போதுதான் அது முழுசாக அணையும். மூன்றாம் தடவை பதினோரு திருகு. இந்த முறை டிஸ்க் திறந்தது.

நகலெடுத்து முடித்ததும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து கணினியின் அப்போதைய நிலையை அப்படியே பதிந்து வைத்தேன். மின்ட்டோடு வருகிற மென்பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டாவது வாரம் லேசர் பிரிண்டருக்காக இணையத்தில் யாரோ சொன்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி, அச்சு வேலையையே மொத்தமாகக் கெடுத்துவிட்டு, டைம்ஷிஃப்ட்டால் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பினேன். அப்புறம் பிரிண்டருக்கு உரிய பிளக்கினை முறையாக நிறுவியதும் அது பேசாமல் வேலை செய்தது.

முதல் வாரத்தில் வந்த புகார்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "மாப்ள, மதுரைன்னு அடிச்சா முதுரைன்னு வருது. நான் ஒழுங்காத்தான் அடிக்கேன்." வீடியோ காலில் பார்த்தேன், உண்மை. மாமா வாக்கியத்தை "மதுரை மாவட்டம்" என்று தொடங்குகிறார், ஸ்பேஸ் தட்டியதும் கண்ணெதிரே 'ம' 'மு' ஆகிறது. கொஞ்ச நேரம் எழுத்துரு கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: பாமினியில் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிற தானியங்கித் திருத்தம், உள்ளே இருப்பது ஆங்கிலம் என்று நினைத்துத் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. வேர்டிலும் இதே தொல்லை உண்டு, பத்து வருடம் முன்னால் யாரோ அணைத்துக் கொடுத்திருப்பார்கள், மாமாவுக்கு மறந்துவிட்டது. ரைட்டரின் தானியங்கித் திருத்த விருப்பங்களில் அந்த ஒரு டிக்கை எடுக்கச் சொன்னேன். மதுரை ஊர் திரும்பியது.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவி மட்டும் ஒத்து வரவில்லை, அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் இருந்தது. அதைப் போனில் மாட்டிவிட்டோம். பிடிஎஃப் இணைக்க வலது கிளிக்கிலேயே வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன், பூட்டிய ஆதாருக்கு அது பாஸ்வேர்டு கேட்கும்படி செய்வது இன்னும் பாக்கி.

பழைய ஹார்ட் டிஸ்க் இப்போது லேமினேஷன் தாள்கள் இருக்கிற டிராயரில் கிடக்கிறது. யாரும் எடுத்து அழித்துவிடக் கூடாதென்று மாமா முதல் நாளே ரைட்டரில் பாமினியில் பெரிதாக அடித்து, பிரிண்ட் எடுத்து, அதன் மேல் ஒட்டி வைத்திருக்கிறார். அந்த டிக்கை எடுப்பதற்கு முந்தைய நாள் அடித்தது. "தோடாதே" என்று இருக்கிறது.